எங்கள் இட்டேரிக்கு மூன்று சொந்தக்காரர்கள்

கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து ஓடும் மண்பாதையை இட்டேரி என்போம். மெயின் ரோட்டுப் பிரிவிலிருந்து எங்கள் தோட்டம் வரைக்கும் அப்படி ஒரு இட்டேரி, 1,130 மீட்டர். அதை நம்பி 17 குடும்பங்கள், 96 ஏக்கர், பெரும்பாலும் தென்னை, கொஞ்சம் மாடு கன்று. 2017 ஐப்பசி மழையில் பள்ளிக்கூட வேன் சேற்றில் இறங்கி இரண்டு மணி நேரம் நின்றது. மறுநாள் டிரைவர் போன் பண்ணி, "இனிமே பிரிவு வரைக்குந்தானுங்க வருவேன்" என்று சொல்லிவிட்டார். என் சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. தேங்காய் வியாபாரியும் லாரி உள்ளே வராது என்று சொல்லி, டிராக்டர் வாடகைக்காகக் காய்க்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார். எனக்கு இருக்கும் மூன்று ஏக்கரில் வருஷத்துக்கு ஏறக்குறைய இருபதாயிரம் காய் வெட்டுவோம். ஆக, அந்தப் பாதைக்கு நான் வருஷம் இருபதாயிரம் ரூபாய் கட்டிக்கொண்டுதான் இருந்தேன், பாதை மட்டும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். அலைந்தது எல்லாம் நான்தான். அப்போது யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து, இங்கே எழுதப்போவதைச் சொல்லியிருந்தால் 2,38,000 ரூபாயும் மூன்று வருஷமும் மிஞ்சியிருக்கும்.

பணம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயம் உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் 2016 அக்டோபரிலிருந்து ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் என்று போய்க் கேட்க ஆள் கிடையாது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எல்லோரையும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். "நீங்க முதல்ல கிராவல் போட்டு ரோடுன்னு காட்டுங்க, அதுக்கு மேல கவர்மெண்டு தார் போட்டுக் குடுக்கும்" என்றார். நம்பினோம். குடும்பத்துக்கு 14,000 என்று 17 குடும்பத்திலும் நான்தான் நோட்டுப் போட்டு வசூல் செய்தேன், என் கையில் கொடுத்தால் பத்திரம் என்று எல்லோரும் சொன்னதால். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அக்கா, வீட்டுக்காரர் தவறிப்போனவர், தோட்டைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆளிடம் ரசீது வாங்கவில்லை. என்ன வேலை, எத்தனை லோடு, எவ்வளவு கனம் என்று ஒரு வரி எழுதி வாங்கவில்லை.

2018 ஆடியில் கிராவல் கொட்டினார்கள். மூன்றாம் நாள், பாதையின் கடைசிப் பகுதியில் ஒரு மாமா வந்து நின்று, "இது எம்பட பட்டா பூமி. தடம் விட்டது எங்கப்பன். ஆனா ரோடு போடுன்னு எழுதிக் குடுக்கலீங்களே" என்று டிராக்டரை மறித்தார். அந்தப் பக்கம் கொட்டாமல் விட்ட கிராவலும் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த வருஷ மழைக்கே மீதியும் கரைந்து ஓடிப்போனது. தண்ணீர் போக வழி வைக்காமல், அடிமண்ணை உருளை விட்டு இறுக்காமல் கொட்டினால் கிராவல் அவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்றியத்தில் விசாரித்தால், அப்படி ஒரு வேலையே எந்தத் திட்டத்திலும் இல்லை என்றார்கள். அந்த ஆள் போனை எடுக்கவில்லை. ஊரில் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ரோட்டுக் காசில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டினாள் என்று ஒருவர் சொன்னது என் காதுக்கே வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசையும்.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: ஊருக்குள் ரோட்டுக்கென்று தனியாள் வசூலிக்கும் பணத்துக்கு எந்த அரசுப் பதிவும் கிடையாது. பொதுமக்கள் பங்காகப் பணம் வாங்கிக்கொண்டு ரோடு போட அரசிடம் திட்டம் உண்டு, கீழே சொல்கிறேன். அதில் பணம் மதிப்பீடு போட்ட பிறகுதான் போகும், அவர்கள் எழுத்தில் சொல்லும் அரசுக் கணக்குக்கு வங்கி வழியாகத்தான் போகும். முதலில் நீங்கள் கொட்டுங்கள், பிறகு அரசு மேலே போடும் என்று யார் சொன்னாலும் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

2019 முழுக்கத் திங்கட்கிழமைகள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஆறு முறை மனுக் கொடுத்தேன். போக வர இரண்டு பஸ், ஒரு நாள் போகும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் பார்க்க வேண்டும். ஆறு முறையும் ஒரே பதில்: உரிய நடவடிக்கைக்காக வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பப்பட்டது. நான் எழுதியது "எங்கள் ஊருக்குச் சாலை வசதி செய்து தர வேண்டும்" என்று ஒற்றை வரி. எந்தச் சாலை, எந்தச் சர்வே எண், எத்தனை மீட்டர் என்று எதுவும் இல்லை. அந்த மனுவை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள், ஒருவர் வட்டார ஊராட்சிக்கு (ஒன்றியத்துக்குத்தான் அந்தப் பெயர்), இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. இதுவும் தெரியாமல் முதலாமவர் அறை வாசலில் மூன்று மாதம் நின்றேன். பாதி வேலை இரண்டாமவருடையது.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, ஜனவரியில் புதுத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க, நம்ம ரெக்கார்டுல இப்படி ஒரு ரோடே இல்லீங்களே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வருஷமாக ஜனங்கள் நடக்கும் பாதை எப்படி இல்லாமல் போகும்? அப்புறம் கொரோனா வந்து கிராம சபைகள் வரிசையாக நின்றுபோயின. வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு: ஊராட்சியின் சாலைப் பதிவேட்டு நகல் ஒன்று, ஊராட்சி ஒன்றியத்தின் சாலைப் பட்டியல் நகல் ஒன்று. முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு போகலாம். ஒன்றுக்கு மேல்முறையீடு போய்த்தான் வாங்கினேன்.

இரண்டாவது பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். பிரிவிலிருந்து ஓடை வரைக்கும் அந்தக் காலத்தில் "போர்டு ரோடு" என்றுதான் சொல்வார்களாம். ஜில்லா போர்டு போட்ட ரோடு. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் போய், அந்த இடத்துக்கு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஒன்றியப் பட்டியலில் தேடினால் இருக்கிறது: 620 மீட்டர், பெயர் மட்டும் ஓடையின் பெயரில். நாங்கள் எங்கள் ஊர்ப் பெயரில் தேடிக்கொண்டிருந்தோம். ஓடைக்கு அப்பால் 400 மீட்டர் புலப்படத்தில், அதாவது சர்வே எண் வாரியான நில அளவைப் படத்தில், வண்டிப்பாதை; எந்த எண் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டில் புறம்போக்கு. கடைசி 110 மீட்டர் படத்தில் பாதையே கிடையாது, மாமாவின் பட்டா நிலம். ஒரே இட்டேரி, காலுக்கு ஒரே மண், சட்டத்துக்கு மூன்று வேறு வேறு இடம்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் மூன்று பிரிவுகள் போதும். 110ஆம் பிரிவு, ஊருக்குள் இருக்கும் பொதுச் சாலைகளைப் போடுவதும் பழுது பார்ப்பதும் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது, நெடுஞ்சாலையாகவோ ஒன்றியச் சாலையாகவோ வகைப்படுத்தியவை தவிர. 112ஆம் பிரிவு ஒன்றியச் சாலைகளை ஒன்றியத்தின் கடமையாக வைக்கிறது. 125ஆம் பிரிவு ஊராட்சிப் பொதுச் சாலைகளை ஊராட்சியின் உடைமையாக்குகிறது. ஆக, எங்கள் தலைவர் மனசு வைத்தாலும் முதல் 620 மீட்டரில் கை வைக்க முடியாது. ஒன்றியம் மனசு வைத்தாலும் ஓடைக்கு அப்பால் அதன் சாலை இல்லை. கடைசி 110 மீட்டரில் யாராலும் அரசுப் பணத்தில் ஒரு சட்டி மண் போட முடியாது. உங்கள் பாதைக்கும் இதைத்தான் முதலில் பாருங்கள். புலப்படமும் 'அ' பதிவேடும் இப்போது அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம், சர்வே எண் தெரிந்தால் போதும். படத்தில் பாதை எந்த எண்ணுக்குள் போகிறது, எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துக்கொண்டே போங்கள். பெரியவர்கள் அந்தப் பாதையை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

மாமாவின் நிலத்துக்காக ஒரு வக்கீலிடம் போனேன், 5,000 ரூபாய். இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் நடந்த பாதைக்கு 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தில் வழி உரிமை கேட்கலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். ஆனால் அது நாம் நடந்து போக, வண்டி ஓட்டிப் போகக் கிடைக்கும் உரிமைதான், நிலம் ஊராட்சிக்கு வந்துவிடாது, ஊராட்சி அங்கே தார் போட முடியாது என்றும் அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு 5,000 தகும். கேஸ் போட்டிருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பத்து வருஷம் பகை, ரோடும் வந்திருக்காது.

மாமா வீட்டுக்கு நானும் என் மாமியாரும் ஐந்து தடவை போனோம். முதல் இரண்டு தடவை பாதையைப் பற்றிப் பேசவே இல்லை. கிராவல் கொட்டும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதது தப்புங்க மாமா என்று சொன்னேன், உண்மையாகவே அது எங்கள் தப்பு. அவர் கேட்டது இரண்டே விஷயம்: வேலியைத் தள்ளிக் கட்டித் தர வேண்டும், கிணற்றுக் குழாய் ரோட்டுக்கு அடியில் போக ஒரு பெரிய பைப் போட்டுத் தர வேண்டும். இரண்டுக்கும் 46,000 ஆனது. ஆறு மீட்டர் அகலத்தில் 110 மீட்டர், பதினாறு சென்ட்டும் சொச்சமும், ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சும்மா ஒரு பேப்பரில் சம்மதக் கடிதம் போதும் என்று சிலர் சொன்னார்கள். நாளைக்கு அவர் பிள்ளைகள் வந்து கேட்டால் கடிதம் நிற்காது. பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து உட்பிரிவு செய்து, ஊராட்சி தீர்மானத்தில் ஏற்று, பாதை என்று கணக்கில் ஏறும் வரைக்கும் விடாதீர்கள். எங்களுக்கு அதற்கு மட்டும் எட்டு மாதம்.

இனிப் பணம். ஊராட்சியில் காசு இல்லை என்று தலைவர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. அவர் கணக்கைத் திறந்து காட்டினார். மத்திய அரசிடமிருந்து அப்போது வந்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டியிருந்தது. மீதி 40இல்தான் ஊரின் மற்ற எல்லாத் தேவையும். நூறு நாள் வேலையில் அப்போது கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற வரம்பு இருந்தது, ஆகவே ஜல்லியும் தாரும் கேட்கும் வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. வீட்டு வரியோ தெருவிளக்குக் கரண்டுக்கே சரியாகப் போகிறது. சரி, நிலத்துக்காரர்கள் மேல் ரோட்டுக்கென்று ஒரு வரி போட ஊராட்சிக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இஷ்டத்துக்குப் போட முடியாது, சட்டத்தில் சொன்ன வரி மட்டும்தான் என்றார்.

அன்றைக்கு ராத்திரி மாமனாரின் டிரங்குப் பெட்டியில் பழைய கிஸ்தி ரசீதுகளை, அதாவது நிலவரி ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். தீர்வைக்குப் பக்கத்தில் தலவரி, தல மேல்வரி என்று இருக்கிறது. உள்ளாட்சிகளுக்காக நிலவரியோடு சேர்த்து வாங்கும் பணம் அது. நிலவரி ஒரு ரூபாய்க்குத் தலவரி ஒரு ரூபாய். நிலவரியே சொற்பம் என்பதால் அதுவும் சொற்பம். 1866இலேயே சென்னை மாகாணத்தில் சாலைக்கென்றே நிலத்தின் மேல் ஒரு வரி போட்டிருக்கிறார்கள், 1871இல் அது உள்ளூர் நிதிச் சட்டத்துக்குள் போனது, 1884 சட்டத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. எங்கள் போர்டு ரோடு அந்த வழியில் வந்ததுதான். எங்கள் முன்னோர் ரோட்டுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, ஆபீஸ் வாசலில் நிற்கும் கூச்சம் எனக்குப் போய்விட்டது. கெஞ்சப் போகவில்லை, கேட்கப் போகிறேன் என்ற நினைப்பு வந்தது.

வழி திறந்தது நமக்கு நாமே திட்டத்தில். பொதுமக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். பாதிக்கு மேல் கட்டினால் வேலையைக் கட்டியவர்களே எடுத்துச் செய்யவும் இடம் உண்டு. எங்களால் பாதி முடியாது. ஆனால் இதற்கு முன் கிராம சபைத் தீர்மானம் சரியாக இருக்க வேண்டும். 2021 அக்டோபர் 2இல் ஒரு தீர்மானம் போட்டோம், "சாலை வசதி வேண்டி" என்று. ஒன்றியப் பொறியாளர் திருப்பிவிட்டார். மறுபடி 2022 ஏப்ரல் 24, பஞ்சாயத்து ராஜ் நாள் கிராம சபையில், இந்தச் சர்வே எண்ணிலிருந்து இந்தச் சர்வே எண் வரை, 510 மீட்டர், தானப் பத்திர எண் இது, வேலை வகை இது, இன்ன திட்டத்தில் என்று எழுத வைத்தோம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபையில் 100 பேர் இருக்க வேண்டும். அன்று எங்கள் இட்டேரியிலிருந்தே 41 பேர் போனோம். மாடு கறக்கும் நேரம், இருந்தும் வந்தார்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் விட்டால் வாசகம் மாறிவிடும் என்று சொல்லவில்லை, தேடிக் கிடைக்காது.

மதிப்பீடு 14,40,000 ரூபாய் வந்தது. எங்கள் பங்கு 4,80,000. இந்த முறை குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடவில்லை. பத்து ஏக்கர்காரருக்கும் ஓர் ஏக்கர்காரருக்கும் ஒரே பணம் என்று முதல் தடவை போட்டது அநியாயம், அதைச் செய்தவள் நான். ஏக்கருக்கு 5,000, மொத்தம் 96 ஏக்கர். யாரும் என் கையில் கொடுக்கவில்லை, நானும் வாங்கவில்லை. மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்குத் திறந்து அதில் போட்டு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை எழுதிக் கொடுத்த பெயருக்கு டி.டி. எடுத்தோம். அதன் நகல் 17 வீட்டிலும் இருக்கிறது. முதல் ஆளாக வந்து பணம் போட்டவர் அந்தத் தோட்டை அடகு வைத்த அக்கா. தோடு ஏலத்துக்குப் போய்விட்டது, மீட்க முடியவில்லை. "ரோடு வராம உடமாட்டீன்னு தெரியும் கண்ணு" என்றார். என் மேல் பழி சொன்னவர்களில் அவர் ஒருநாளும் இல்லை. அவருடைய 14,000ஐ நான் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை, காய் வெட்டுக்கு ஆயிரமாகக் கொடுத்துவருகிறேன். வேண்டாம் என்பார், வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வேலை 2023 சித்திரையில் நடந்தது. மதிப்பீட்டு நகலை முன்னமே வாங்கி வைத்திருந்ததால், ஜல்லி எத்தனை கனம், எந்த அளவுக் கல், தார் எத்தனை கனம் என்று தெரியும். வேலை நடக்கும்போது ஒரு ஆள் ஸ்கேலோடு நின்றோம், சண்டை போடாமல். ஓர் இடத்தில் கனம் குறைந்ததை ஓவர்சீயரிடம் காட்டினோம், மறுபடி போட்டார்கள். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஏறுவதற்கு முன் சொல்ல வேண்டும். ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் மதிப்பீட்டில் இல்லை, கேட்டுச் சேர்த்தோம்.

ஒன்றியத்தின் 620 மீட்டர் தனிக் கதை. அது முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்து, 2024இல் முடிந்தது. அதற்கு நாங்கள் ஒரு பைசா கட்டவில்லை. சாலை ஒன்றியப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது என்று மனுவில் எழுதியது ஒன்றுதான் நாங்கள் செய்தது. 2017இல் இதைத் தெரிந்திருந்தால் பாதிக்கு மேல் பாதைக்கு யாரிடமும் வசூலே செய்திருக்க வேண்டாம்.

இப்போது வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. சின்னவள் எட்டாவது படிக்கிறாள். தேங்காய் லாரி உள்ளே வருகிறது, அந்த ஒரு ரூபாய் பிடிப்பதில்லை. 2025 ஜனவரி 5இல் தலைவர்களின் காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்தான். போன மழையில் ஓடைக்குப் பக்கத்துச் சிறுபாலத்தில் ஒரு பக்கம் மண் சரிந்தது. அது 620ஆவது மீட்டருக்கு முன்னாலா பின்னாலா என்று டேப் வைத்து அளந்தோம். முன்னால், எட்டு மீட்டர். ஆகவே ஒன்றியம். வட்டார ஊராட்சி பி.டி.ஓ. பெயருக்குச் சர்வே எண்ணோடும் போட்டோவோடும் மனு போட்டிருக்கிறேன், அடுத்த வாரம் பொறியாளர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.